யார் போட்ட கணக்கு?

படப்பையில் கூலி உயர்வு கேட்டால் முதலில் தடி வருவதில்லை, தாள் வருகிறது. தாள் நிறைய வளைகோடுகளும் விழுக்காடுகளும் இருக்கும். "நாங்கள் என்ன செய்வது? கணக்கு அப்படிச் சொல்கிறது. இதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் ஆலை தாங்காது" என்று நிர்வாகம் கையை விரிக்கும். மந்திரிகளும் பத்திரிகைகளும் அதையே திருப்பிச் சொல்வார்கள். போட்டவர் பெரிய நிபுணர், கணக்கிற்குக் கட்சி கிடையாது, ஆகவே வாயை மூடு என்பார்கள்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி இந்தத் தாளைக் கண்ணால் கண்டதில்லை. மணிமங்கலம், ஆதனூர் பக்கம் நடவுக்குப் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் தட்டில் எவ்வளவு சோறு விழும் என்பதை இந்தத் தாள் நிர்ணயிக்கிறது. ஆகவே இதை எழுதுகிறவர் யார், எப்படி எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்று விசாரிக்க நமக்கு முழு உரிமை உண்டு.

அது என்ன வித்தை?

சர்வகலாசாலைகளில் இதற்கென்று ஒரு படிப்பும் உத்தியோகமும் இருக்கின்றன. பொருளாதாரத்திற்கு 'மாதிரி' அமைப்பது ஒரு பாதி. எந்த வழியில் போனால் எவ்வளவு வரவு, எவ்வளவு நஷ்டம் என்று நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கும் 'முடிவுப் பகுப்பாய்வு' மறுபாதி. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. அறுவடைக்குப் போவதா, கம்பெனி வேனில் ஏறுவதா என்று நம் வீட்டுப் பெண் யோசிக்கிறாள். அறுவடைக் கூலி அதிகம், ஆனால் சில நாட்கள்தான். கம்பெனி வேலை மாதம் முழுதும் உண்டு, ஆனால் எந்த நாள் நிறுத்துவான் என்று தெரியாது. குழந்தையை யாரிடம் விடுவது என்பதும் இருக்கிறது. இவ்வளவையும் மனத்தில் நிறுத்துப் பார்த்துத்தான் அவள் முடிவெடுக்கிறாள். பேராசிரியர் செய்வதும் இதைத்தான். அவர் எழுத்துக்களையும் கம்ப்யூட்டரையும் வைத்துச் செய்கிறார், அவ்வளவே வித்தியாசம்.

நாம் கணக்கிற்கு விரோதிகள் அல்ல. 1938ஆம் ஆண்டு லெனின்கிராடில் ஒட்டுப்பலகை ஆலைகளின் டிரஸ்டு கான்டரோவிச் என்ற இளம் கணித அறிஞரிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தது. இருக்கிற இயந்திரங்களில் எந்த வேலையை எதில் ஓட்டினால் அதிகப் பலகை கிடைக்கும் என்பதே கேள்வி. அதற்கு அவர் கண்ட விடை பெரியதொரு கணித முறையாக வளர்ந்தது. 1975இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று உலகத்து ஏகபோகக் கம்பெனிகள் தங்கள் லாரியையும் கப்பலையும் ஓட்டுவது அதே முறையில்தான். கத்தி ஒன்றுதான். காய் நறுக்குவதா, கழுத்தறுப்பதா என்பது பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது.

கணக்கில் வர்க்கம் நுழைய மூன்று வாசல்கள் உண்டு. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது முதல் வாசல். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது இரண்டாவது. விலையில்லாத பொருளுக்கு என்ன விலை எழுதுவது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் தாண்டிய பிறகு கூட்டலும் பெருக்கலும் சுத்தமாகத்தான் இருக்கும். திருட்டு கூட்டலில் இல்லை, வாசலில் இருக்கிறது.

முதல் வாசல்: கேள்வி

நம் மாகாணத்தோடு தொடர்புள்ள இரு மேதைகளை எடுத்துக்கொள்வோம். நாம் ஆளைத் தாக்கவில்லை. அவர்களுடைய படிப்பையும் உழைப்பையும் குறைத்துப் பேசவுமில்லை. அந்தப் படிப்பு எந்தப் பாதையில் நடத்திச் செல்லப்பட்டது என்பதையே பார்க்கிறோம்.

டி. என். சீனிவாசன் 1933இல் பிறந்தவர். சென்னை சர்வகலாசாலையில் கணிதம் படித்தார். கல்கத்தாவில் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயின்றார். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் 1962இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு டில்லி திரும்பி அதே கழகத்தில் திட்டமிடும் கணக்குகளில் ஈடுபட்டார்.

அது திட்டக் கமிஷனில் பீதாம்பர் பந்த் தலைமையில் பெரிய கணக்கு ஒன்று நடந்த காலம். கேள்வி இதுதான்: இந்த நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தபட்ச வாழ்வு கிடைக்க வேண்டுமானால் 15 ஆண்டுகளில் எவ்வளவு உற்பத்தி பெருக வேண்டும்? 1960–61 விலைவாசியில் ஒரு ஆளுக்கு மாதம் 20 ரூபாய், ஐந்து பேர் குடும்பத்துக்கு 100 ரூபாய் என்று 1962இல் குறித்தார்கள். வைத்தியமும் படிப்பும் இதில் சேரவில்லை. ஏன்? அவ்விரண்டையும் சர்க்கார் கொடுக்கும் என்பது எண்ணம். தொகை சொற்பம்தான். ஆனால் கேள்வி நேர்மையான கேள்வி. மக்களுக்கு இவ்வளவு வேண்டும், அதைக் கொடுக்க நாடு என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்டது.

பிறகு நடந்தது என்ன? சீனிவாசன் 1977 முதல் 1980 வரை உலக பாங்கியின் ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசகராக இருந்தார். பிறகு யேலில் பேராசிரியரானார். 1993இல் ஜகதீஷ் பகவதியுடன் சேர்ந்து நிதி மந்திரி இலாகாவுக்கு இந்தியப் பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் கேள்வி வேறு. வியாபாரத்தையும் அன்னிய மூலதனத்தையும் எவ்வளவு வேகமாகத் திறந்துவிடலாம் என்பதே அது. 2018இல் அவர் காலமானார். மனிதர் ஒருவர்தான், கணிதமும் ஒன்றுதான், கேள்வி மாறிவிட்டது. கேள்வியை மாற்றியது ஒரு தனி மனிதரின் மனம் என்று நாம் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறதோ, பதவி எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து கேள்வியும் வருகிறது. படப்பையின் ஒப்பந்தத் தொழிலாளி எந்தப் பேராசிரியருக்குக் கேள்வி அனுப்ப முடியும்?

குறைந்தபட்ச வாழ்வு என்று பிறந்த அந்த எண்ணின் கதி என்ன? கொடுப்பதற்காகப் பிறந்த எண், கழிப்பதற்கான கோடாயிற்று. யார் ஏழை, யாருக்கு மலிவு அரிசி என்று பிரிக்கும் வேலியாயிற்று. 2011இல் திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிப்பவன் ஏழையல்ல என்று அதில் கண்டிருந்தது. நாடே காறித் துப்பியது. உடனே இன்னொரு நிபுணர் குழு வந்தது. அதன் தலைவர் சி. ரங்கராஜன். பென்சில்வேனியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர், ஆமதாபாத்தில் பேராசிரியராக இருந்தவர், 1992 முதல் 1997 வரை ரிசர்வ் பாங்கியின் கவர்னர்.

2014இல் அந்தக் குழு கோட்டை நகர்த்தியது. 2011–12ஆம் ஆண்டு விலைவாசியில் கிராமத்தில் 27 ரூபாய் என்றிருந்ததை 32 ஆக்கியது, நகரத்தில் 33 என்றிருந்ததை 47 ஆக்கியது. அவ்வளவுதான். நாட்டில் ஏழைகள் ஏறக்குறைய 27 கோடி என்ற கணக்கு 36 கோடிக்கு மேல் போய்விட்டது! கிராமத்தில் ஐந்து ரூபாய், நகரத்தில் பதினாலு ரூபாய். இந்தச் சில்லறையில் ஒன்பது கோடி ஜனங்கள் ஒரே இரவில் ஏழைகளானார்கள். அவர்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. நேற்று குடித்த கஞ்சியைத்தான் இன்றும் குடித்தார்கள். மாறியது டில்லியில் ஒரு தாளின் கோடு.

கோட்டை உயர்த்தியது நல்லதே. ஆனால் நாம் கேட்கிறோம்: இவ்வளவு சிறிய அசைவில் ஒன்பது கோடிப் பேர் இடம் மாறுகிறார்கள் என்றால், இந்தக் கணக்கை இயற்கையின் விதி என்று எப்படிச் சொல்ல முடியும்? கோடு போட்டது ஒரு கை. அந்தக் கையைக் கேள்வி கேட்டால் கோடு நகரும். 2011இல் எழுந்த கூச்சலுக்குப் பிறகுதானே நகர்ந்தது?

இரண்டாம் வாசல்: விட்டுப்போனவன்

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று நிலம் தொழிற்பேட்டையாயிற்று. இத்தனை ஏக்கர், இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்று திட்ட அறிக்கை சொல்கிறது. நஷ்டஈடு யாருக்கு? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு, களையெடுத்தவளுக்கு, போரடித்தவனுக்கு என்ன? அவர்கள் பெயர் பட்டாவில் இல்லை. வரிசையில் இடமில்லாதவனுக்குக் கூட்டலில் எண் ஏது?

இந்தக் குறையை நீக்க ஒரு சட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. நிலத்தை எடுக்குமுன் அதனால் ஊருக்கு வரும் விளைவு என்ன என்று சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். நிலம் சொந்தமில்லாவிட்டாலும் அதில் உழைத்துப் பிழைத்த விவசாயத் தொழிலாளியும் பாதிக்கப்பட்டவனே. கவனியுங்கள், இதுவும் ஒரு முடிவுக் கணக்குத்தான். ஆனால் நம்மைச் சேர்த்துப் போடும் கணக்கு.

நம் மாகாணத்துச் சர்க்கார் என்ன செய்தது? 105ஏ என்று ஒரு பிரிவைச் செருகியது. 1997ஆம் ஆண்டின் தொழில் தேவைக்கான நிலம் எடுப்புச் சட்டத்துக்கு அந்த மதிப்பீடு தேவையில்லை என்று விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை ஹைகோர்ட் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் புதிய சட்டம் போட்டு அதை உயிர்ப்பித்தார்கள். 2021இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது. தொழிற்பேட்டை என்றால் வரவைக் கணக்கிட நூறு நிபுணர் உண்டு. கூலிக்காரனின் நஷ்டத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் மட்டும் சட்டமே விலகிக்கொள்கிறது!

ஏரிகளின் கதையும் இதுவே. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்தான் அடையாற்றில் சேர்கிறது. ஏரி வெள்ளத்தைத் தாங்குகிறது, கிணற்றுக்கு ஊற்றுத் தருகிறது, மாட்டுக்குத் தண்ணீர் தருகிறது. இவற்றுக்குச் சந்தையில் விலை இல்லை, ஆகவே மாதிரியில் இவை பூஜ்யம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது அந்தப் பூஜ்யத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கரையோரக் குடிசைவாசிகளும் சிறு வீட்டுக்காரர்களும்தான்.

மூன்றாம் வாசல்: விலை

அமெரிக்க போர்டு கம்பெனியின் கணக்கொன்று உலகப் பிரசித்தம். 1973ஆம் ஆண்டு. கார் உருண்டு கவிழ்ந்தால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும். அதைத் தடுக்க ஒரு வண்டிக்கு 11 டாலர் செலவாகும் என்று கண்டார்கள். அமெரிக்கா முழுதும் 1 கோடியே 25 லட்சம் வண்டிகளுக்கு 13 கோடியே 70 லட்சம் டாலர் ஆகும். தடுக்காவிட்டால்? 180 பேர் எரிந்து சாவார்கள், 180 பேருக்குக் கடும் தீக்காயம், 2,100 வண்டிகள் நாசம். செத்தவனுக்கு 2 லட்சம் டாலர், காயப்பட்டவனுக்கு 67 ஆயிரம், வண்டிக்கு 700 என்று விலை எழுதினார்கள். மொத்தம் 4 கோடியே 95 லட்சம் டாலர். ஆகவே தடுப்பது கட்டுப்படியாகாது! இந்தத் தாளை இரகசியமாகக்கூட வைக்கவில்லை. விதி போடும் சர்க்கார் இலாகாவுக்கே அனுப்பினார்கள். உயிருக்கு அந்த விலையும் அவர்களே கற்பனை செய்ததல்ல, அமெரிக்கச் சர்க்கார் இலாகா முன்பே குறித்து வைத்திருந்தது. கூட்டலில் பிழையில்லை, பெருக்கலில் பிழையில்லை. மனிதனை வண்டியோடு ஒரே பத்தியில் எழுதியதுதான் பிழை.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் ஊர் பிரஸ் இயந்திரத்துக்கு வருவோம். தொழிலாளி காயச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் இழப்பு நூற்றுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. சம்பளத்தைப் பொறுத்து இந்த விழுக்காட்டின்படி பணம் வரும். ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு இதை ஈ.எஸ்.ஐ. கொடுக்கிறது. கொடுக்கட்டும், அது போராடிப் பெற்ற உரிமை, அதை நாம் காக்க வேண்டும். ஆனால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் நிலைமை என்ன? விரல் போனாலும் போகாவிட்டாலும் அவர் கட்டும் சந்தா ஒன்றே. நஷ்டஈட்டுப் பொறுப்பு அவர் தலையில் இல்லை. கைபட்டால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாருக்கோ செலவு உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மணிக்கு உருப்படி கூடும். ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் பூஜ்யம். இந்தக் கணக்கைப் போட நிபுணர்கூடத் தேவையில்லை. ஆபீசராக வேண்டாம், சூப்பர்வைசரே போட்டுவிடுவார். சிந்தும் ரத்தம் மட்டும் ஒப்பந்தத் தொழிலாளியுடையது.

"கம்பெனி ஓடிவிடும்!"

கடைசியாக ஒரு பூச்சாண்டி காட்டுவார்கள். கூலி ஏறினால் கம்பெனி ஆந்திராவுக்கு ஓடிவிடும், வியட்நாமுக்கு ஓடிவிடும் என்பார்கள். ஓடிய கம்பெனிகளையே சாட்சிக்கு அழைப்போம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் கம்பெனி கைபேசிச் சந்தையில் தோற்று அந்த வியாபாரத்தையே மைக்ரோசாப்டுக்கு விற்றுவிட்டது. வரி வழக்கில் சிக்கிய நம் ஊர் ஆலை அந்த விற்பனையில் சேராமல் நின்றது. ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் தெருவுக்கு வந்தார்கள். போர்டு 2022இல் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தியை நிறுத்தியபோது பல ஆண்டு நஷ்டத்தையே காரணமாகச் சொன்னது. தொழிலாளி ஐந்து ரூபாய் அதிகம் கேட்டதால் போனோம் என்று இருவரும் சொல்லவில்லை.

சர்க்காரே ஆண்டுதோறும் எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கு என்ன சொல்கிறது? 1980களின் தொடக்கத்தில், ஆலைகளில் புதிதாக உண்டாகும் நிகர மதிப்பில் தொழிலாளிகளின் கூலி நூற்றுக்குச் சுமார் 30. முப்பது ஆண்டுகள் ஆவதற்குள் அது நூற்றுக்குப் பத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. இயந்திரம் பெருகியது, வேகம் பெருகியது, உருப்படி பெருகியது, நம் பங்கு மட்டும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. கூலியால் ஆலை தாங்காது என்று சொல்லும் நிபுணர் முதலில் இந்தக் கணக்கை நமக்கு விளக்கட்டும்!

நம் கணக்கும் உண்டு

விஞ்ஞானம் அவர்கள் வீட்டுச் சொத்தல்ல. நம் நீலகிரி குன்னூரில் 1935 முதல் 1945 வரை உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குனராக இருந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. இந்திய மக்களின் உணவில் எந்தத் தானியத்தில் என்ன சத்து, உழைப்பவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்தவர். அவருடைய அளவைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1957இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மகாநாடு கூலிக்கு விதி செய்தது. ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று பங்கு உணவு வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி வேண்டும். வீட்டு வாடகை வேண்டும். விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு 20 வேண்டும்.

1991இல், ரெப்டகோஸ் பிரெட் கம்பெனியின் சென்னைத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு வரியைச் சேர்த்தது. பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கலியாணம் ஆகியவற்றுக்கு நூற்றுக்கு 25 வேண்டும் என்றது. 1962இல் சர்க்கார் கொடுக்கும் என்று விட்டுவைத்த படிப்பும் வைத்தியமும் இப்படித்தான் கணக்குக்குள் திரும்பி வந்தன. பேராசிரியர் தயவால் அல்ல, தொழிலாளிகளின் வழக்கால் வந்தன.

இதிலும் குறை உண்டு. மூன்று பங்கில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு 0.8 என்று எழுதினார்கள். நாற்று நட்டுவிட்டு வந்து சமைத்துத் துவைத்து, பிறகு ஷிப்டுக்கும் போகும் பெண்ணுக்கு எந்த நியாயத்தில் 0.8? வயதான தாய் தந்தையருக்கு அதில் பிடி சோறுகூட இல்லை. இவை நாம் திருத்த வேண்டிய வரிகள். ஆயினும் சர்க்கார் இந்தக் குறைந்த அளவைக்கூட ஏற்க மறுக்கிறது. 2019இல் சர்க்காரே நியமித்த சத்பதி குழு நாட்டுக்குப் பொதுவான குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 375 ரூபாய் என்றது. அதே ஆண்டு சர்க்கார் அறிவித்த தொகை 178 ரூபாய். பாதிகூட இல்லை! நிபுணர் சொன்னால் கேட்க வேண்டும் என்று நமக்கு உபதேசம் செய்கிறவர்கள், நிபுணர் நம் பக்கம் ஒரு வார்த்தை சொன்னதும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

சங்கம் எழுதும் வரி

முடிவுப் பகுப்பாய்வில் மரம் போல ஒரு படம் வரைவார்கள். இப்படிச் செய்தால் இந்தக் கிளை, அப்படிச் செய்தால் அந்தக் கிளை. "தொழிலாளி பேசாமல் இருந்துவிடுவான்" என்ற கிளைக்குப் பெரிய எண் போட்டால்தான் முதலாளியின் கணக்கு இலாபமாக முடியும். அந்த எண்ணை மாற்றும் சக்தி நம்மிடம் இருக்கிறது.

2023 ஏப்ரல் 21இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். முதலீடு வரும் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. எல்லாச் சங்கங்களும் எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். 2024 செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. எந்தப் பேராசிரியரும் அவர்களுக்கு மாதிரி போட்டுக் கொடுக்கவில்லை. ஒற்றுமை என்ற எண்ணை அவர்களே எதிராளியின் தாளில் எழுதிவிட்டார்கள்.

ஆகவே படப்பை வட்டாரத்து உழைப்பாளிகளுக்கு நாம் சொல்வது இது. கணக்கு என்றதும் பின்வாங்காதீர்கள். ஒவ்வொரு சங்கக் கிளையும் பத்துக் குடும்பங்களின் அடுப்புச் செலவை மாதந்தோறும் எழுதி வையுங்கள். அரிசி, எண்ணெய், வாடகை, பஸ், பள்ளிக்கூடம், மருந்து, கடன் வட்டி, ஒன்றையும் விடாதீர்கள். போன விரல்களை எழுதுங்கள். எந்த இயந்திரம், எந்த ஷிப்டு, சென்சார் இருந்ததா இல்லையா என்று எழுதுங்கள். நிலம் போன ஊர்களில் பட்டாக்காரர் மட்டுமல்ல, நடவாள், களையெடுப்பவள், ஆடுமேய்ப்பவன் என்று எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பேச்சுவார்த்தையில் அவர்கள் தாளை வைத்தால் நீங்களும் உங்கள் தாளை வையுங்கள். "உங்கள் கணக்கைத் தமிழில் கொடு. எதைச் சேர்த்தாய், எதை விட்டாய், எங்கள் விரலுக்கு என்ன விலை எழுதினாய் என்று சொல்" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கணக்கு கணக்கல்ல, மிரட்டல்.

கல்லூரிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் படிப்பைப் படியுங்கள். நன்றாகப் படியுங்கள். யேலுக்குப் போக முடிந்தால் போங்கள். ஆனால் கேள்வியைப் படப்பையிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்.